சென்னை முதல் கோடிக்கரை வரை: சைக்கிளில் கிளம்புமுன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையிலிருந்து கோடிக்கரை வரை கால்வாயும் கடலும் பார்த்தபடி ஒரு வாரம் சைக்கிளில் போகலாம் என்று சுற்றுலாப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். ஊர்களைத் தேர்ந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'மே விடுமுறைக்கு ஏற்ற பயணம்' என்ற அந்த ஒரு வரியை நம்பிக் கிளம்புகிறவர் மூன்றாம் நாள் கடலூரில் பஸ் ஏறிவிடுவார். வெயிலை விடுங்கள், அதற்காவது விடியற்காலையில் கிளம்பிக்கொள்ளலாம். காற்றுக்கு என்ன செய்வது?

மார்ச் பிறந்ததும் இந்தக் கரையில் தெற்கிலிருந்து சோழகம் வீச ஆரம்பித்துவிடும். பிற்பகலில் அது வலுக்கும். தெற்கே போகிறவருக்கு நேர் முகத்தில் அடிக்கும். ஏற்றமே இல்லாத சாலையில் மணிக்கு 18 கிலோமீட்டர் போகிறவரை, அதே மிதிக்கு 12க்கு இறக்கிவிடும். ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்கும் புயலுக்கும் உரியவை. ஆகவே காணும் பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு தொடங்கி பிப்ரவரி கடைசிக்குள் முடிப்பதுதான் சரி. அப்போது வடகிழக்குப் பக்கமிருந்து வீசும் வாடையும் கொண்டலும் முதுகைத் தள்ளிவிடும். மே மாதம்தான் லீவு கிடைக்கும் என்றால் சைக்கிளை நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து வடக்கே வாருங்கள். எந்த மாதம், எந்தத் திசை என்ற இரண்டும் இல்லாமல் வரைபடம் மட்டும் போட்டுப் பயனில்லை.

அடுத்தது கால்வாய்க் கரை. சென்னைக்குள் பக்கிங்ஹாம் கால்வாயில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. கரையோரம் தொடர்ந்து சைக்கிள் ஓட்ட வழியில்லை. 1806-இல் எண்ணூர்ப் பக்கம் வெட்டத் தொடங்கி, 1877-78 பஞ்ச நிவாரண வேலையில் ஊருக்குள் இணைத்து, கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் பெயர் சூட்டிய கால்வாய் இது. தெற்கே மரக்காணத்தோடு முடிகிறது. அதைக் கண்ணாரப் பார்க்க வேண்டுமானால் முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்குத் தெற்கேதான். அங்கும் கைபேசி காட்டும் கரைப் பாதையை நம்பி இறங்காதீர்கள். மதகு உடைந்திருக்கும், அல்லது சீமைக் கருவேலம் வழியை மூடியிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போய், குறுக்குச் சாலைகளில் பாலம்வரை சென்று பார்த்துத் திரும்புவது நல்லது. கடலோரமாகவே நேர்கோட்டில் தெற்கே போகலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஆறு கடலில் விழும் இடத்தில் பெரும்பாலும் பாலம் இருக்காது. சில கிலோமீட்டர் உள்ளே வந்துதான் கடக்க வேண்டும். பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடிக்கு மேலையூர், ஆக்கூர், திருக்கடையூர் என்று சுற்றுவது இதனால்தான்.

மொத்தம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஏழு நாளுக்குச் சரியாகப் பிரிக்கலாம். திங்கள்கிழமை விடியற்காலை திருவான்மியூரிலிருந்து புறப்படுங்கள்; சனி, ஞாயிறில் மாமல்லபுரம் வரை கார்களின் வேகம் சைக்கிளுக்கு ஆகாது. முதல் இரவை மாமல்லபுரத்தில் வைத்தால் மறுநாள் புதுச்சேரிக்கு 95 கிலோமீட்டர் மிச்சம் இருக்கும். இன்னும் கொஞ்சம் போய்க் கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் தங்கினால் சுமை குறையும். இரண்டாம் நாள் பாலாற்றுப் பாலம், ஆலம்பரைக் கோட்டை, மரக்காணம் உப்பளம். உப்பளப் பகுதியில் நிழல் என்பதே கிடையாது. கடப்பாக்கத்திலேயே மூன்று லிட்டர் தண்ணீர் பிடித்துக்கொண்டு பத்து மணிக்குள் தாண்டிவிடுங்கள். சாலை அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் ஜல்லி ஓரமாகக் குவிந்திருக்கும். லாரி வந்தால் ஓரம் ஒதுங்க இடமிருக்காது, நின்றே வழி விடுங்கள்.

புதுச்சேரியிலிருந்து மூன்றாம் நாள் சிதம்பரம். நான்காம் நாள் காலையில் கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போய்த் துடுப்புப் படகில் அலையாத்திக் காட்டைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி, கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி சீர்காழி. ஐந்தாம் நாள் பூம்புகார், தரங்கம்பாடி. ஆறாம் நாள் காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. ஏழாம் நாள் வேதாரண்யம் போய் அறை எடுத்து, மூட்டையை இறக்கிவிட்டுக் கோடிக்கரைக்கு வெறும் சைக்கிளில் போங்கள். சரணாலயப் பகுதியில் இருட்டிய பின் சுற்றக் கூடாது. பூநாரை பார்க்கப் போகிறவர்கள் பிற்பகலுக்குள் அங்கே இருக்க வேண்டும்.

சைக்கிளைப் பற்றி உங்கள் கட்டுரையில் 'நல்ல நிலையில் இருக்க வேண்டும்' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. 32 முதல் 38 மி.மீ. அகல டயர் போதும். 35 மி.மீ. டயர் என்றால் காற்றழுத்தம் 50 முதல் 55 பிஎஸ்ஐ (பம்பின் மீட்டர் காட்டும் அளவு). சுமை பின்னால் இருப்பதால் பின் டயரில் சற்றுக் கூடுதல். மூட்டை பத்து கிலோவைத் தாண்டினால் பின் சக்கரத்தில் கியர் இருக்கும் பக்கத்து ஸ்போக்ஸ்தான் முதலில் அறும். பல்சக்கரத்துக்கு இடம் விட்டுச் சக்கரம் கோத்திருப்பதால் அந்தப் பக்கக் கம்பிகளில் இழுவிசை அதிகம். முதுகுப்பை வேண்டாம், கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளே சரி.

பஞ்சருக்கு முக்கால்வாசிக் காரணம் கருவேல முள். வெளியே தெரியும் பகுதி ஒடிந்து விழுந்துவிடும், முனை டயருக்குள்ளேயே நிற்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அரை மணி நேரத்தில் அதுவும் போகும். டியூபில் காற்றடித்து ஓட்டை வால்வுக்கு எத்தனை சாண் தூரத்தில் என்று பாருங்கள். டயரிலும் அதே தூரத்தில் தேடுங்கள். கண்ணுக்குப் படாவிட்டால் பழைய பருத்தித் துணியை டயரின் உட்புறத்தில் சுற்றி இழுத்தால் நூல் முனையில் மாட்டும். பிறகு உட்புறத்திலிருந்தே குறடால் பிடுங்க வேண்டும். ஒல்லியான பிரஸ்டா வால்வு உள்ளவர்கள் பித்தளை அடாப்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் பஞ்சர் கடையின் கம்ப்ரஸர் அதில்லாமல் பொருந்தாது. கடைக்காரரிடம் விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். பைக் டயருக்கு அடிப்பதுபோல ஒரே மூச்சில் அடித்தால் டியூப் வெடிக்கும்.

சிதம்பரத்துக்குத் தெற்கே வேறொரு வில்லங்கம். தை, மாசியில் சம்பா அறுவடை. நெல்லைச் சாலையிலேயே காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள், அது அவர்கள் வருஷத்துச் சோறு. அதைவிட வைக்கோல் ஆபத்து. ஒரு பிரி வைக்கோல் பின் கியரின் சின்னச் சக்கரத்தில் சுற்றியதும் மிதி கனக்கும். அப்போது இன்னும் அழுத்தி மிதித்தால், கியரைத் தாங்கும் ஹேங்கர் வளையும் அல்லது முறியும். உடனே நிறுத்திப் பெடலைப் பின்பக்கம் சுழற்றிக் கையால் உருவி எடுங்கள். ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. மயிலாடுதுறையிலோ நாகையிலோ தேடிப் பிடிப்பது கஷ்டம், புறப்படும்போதே ஒன்று வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள். மழை பெய்திருந்தால் வாய்க்கால் கரைப் பக்கமே போகாதீர்கள். டெல்டாக் களிமண் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும்.

உப்புக் காற்றுக்குத் தினம் மாலை கால்மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றிச் செயினைத் துடைத்து, காய்ந்தபின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில் விட்டு, மேலே வழிவதைத் துணியால் சுத்தமாக எடுங்கள். எண்ணெய் மேலே நின்றால் மணல் ஒட்டும். மணலும் உப்பும் சேர்ந்து பல்சக்கரத்தை அரைத்துத் தின்னும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். வண்டி கழுவும் கடையில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கக் கொடுத்தால் சக்கரக் குண்டுகளுக்குள் தண்ணீர் புகும். ஈர மணலில் சைக்கிளை இறக்கிப் படம் எடுக்கும் ஆசையையும் விடுங்கள்.

திரும்புவது பற்றியும் கட்டுரையில் இல்லை. ரயில் சில நிமிடமே நிற்கும் நிலையங்களில் பார்சல் ஏற்றுவது சிரமம்; திருவாரூர் அல்லது மயிலாடுதுறையில் முன்னதாகவே விசாரித்து, வண்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பே போங்கள். ஆம்னி பஸ்ஸின் அடிப்பெட்டியில் போடுவதானால் முன்சக்கரத்தைக் கழற்றி, கியர் பக்கம் மேலே இருக்கும்படிப் படுக்க வைக்கவும். பெடல்களையும் கழற்ற வேண்டும்: இடப்பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ், கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

இப்படிக்கு,
நெடுந்தூர சைக்கிள் ஓட்டும் வாசகர்,
கடலூர்.