ஞாயிறு சந்திப்பு: புள்ளி, கம்பி, கணினி

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு காலை 7 மணிக்கு மொட்டை மாடியில் கூடுகிறோம். கலையும் அறிவியலும் கணினியும் சேரும் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். சரி, கோலத்திலிருந்தே தொடங்குவோம்.

காரணம் இருக்கிறது. 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலத்துக்குக் கணினி இலக்கணம் வகுத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சிரோமணி தம்பதி தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர்களாக இருந்தவர்கள். சின்னச் சின்ன விதிகள் சில. அவற்றையே திரும்பத் திரும்பப் போட்டால் கோலம் வளர்ந்துகொண்டே போகும். செடி வளர்வதை விளக்க உயிரியலாளர் லிண்டன்மேயர் 1968இல் உருவாக்கிய முறையைக் கொண்டும் சில கோலங்களை வரைய முடிகிறது. செடிக்கும் வாசலுக்கும் ஒரே கணக்கு! எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

சிக்குக் கோலம் போடும் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரே கம்பிக் கோலம் என்றால், இழை புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போய், தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். எந்தப் புள்ளியில் திரும்ப வேண்டும் என்பது அந்த விரல்களுக்குத் தெரியும். அதைத்தான் அன்று நிரலாக எழுதிப் பார்க்கப் போகிறோம்.

ஆளுக்குக் கொஞ்சம் கோலமாவு கொண்டு வாருங்கள். மடிக்கணினி இரண்டு இருந்தால் போதும். அப்புறம், அம்மா, பாட்டி, அத்தை யாரையாவது கட்டாயம் அழைத்து வாருங்கள். சொல்லிக்கொடுக்கப் போவது அவர்கள்தான். வருகிறவர்கள் சனி இரவுக்குள் இங்கே பெயர் போட்டுவிடுங்கள்.