கடைசி கீமோ வரை கூடவே நின்றவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புற்றுநோயாளிகளுக்குத் துணை நிற்கும் மருத்துவ சமூகப் பணியாளர்களுக்கு,

வணக்கம்.

மருந்து ஒத்துக்கொள்ளாமல் மட்டுமா கீமோ பாதியில் நிற்கிறது? பஸ் காசு, விட்டுப்போன கூலி, பெயரில் மாறிக் கிடக்கும் ஓர் எழுத்து, இவையும் நிறுத்திவிடும். அந்த இடங்களில் எல்லாம் நின்றவர்கள் நீங்கள்.

முதல்வர் காப்பீட்டுக்கு ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆதாரிலும் பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட்டிலும் பெயர் ஒன்றுதானா என்று முதல் நாளே பார்ப்பது நீங்கள்தான். புதிதாகக் கல்யாணமான பெண்ணின் பெயர் அப்பா வீட்டுக் கார்டிலேயே கிடக்கும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பத்தின் கார்டு பென்னாகரத்தில் இருக்கும். அட்மிஷன் அன்றைக்கு இது தெரிந்தால் நாள்கணக்கில் அலைச்சல்தான். சேலம் ஆஸ்பத்திரிக்கோ சென்னை அடையாறு ஆஸ்பத்திரிக்கோ மாறும்போது, ரிப்போர்ட்டோடு பயாப்ஸி ஸ்லைடையும், எடுத்த சதையைப் பதித்துவைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கச் சொன்னீர்கள். இல்லாவிட்டால் மறுபடி சதை எடுக்க வேண்டிவரலாம். சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு ரயில் ஸ்லீப்பரில் முழுக் கட்டணச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். அந்தப் படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் சீலும் வாங்கித் தந்தீர்கள்.

கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடாமல் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். சித்தேரி மலையில் கடைசி பஸ் போன பிறகு எந்த வண்டி என்று முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்தது நீங்கள் மட்டும்தான்.

"ஒட்டிக்குமோ" என்று தனித் தட்டு, தனி டம்ளர் வைத்த வீடுகளில், இது தொற்றாது என்று நோயாளியின் எதிரிலேயே சொன்னீர்கள். அவருக்குக் காதில் விழ வேண்டுமே!

கடும் வலிக்குத் தரும் மார்பின் (morphine) மாத்திரை 4 மணி நேரத்துக்கு ஒன்று, வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. படிக்கத் தெரியாதவர்களுக்காக உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தீர்கள். கூடவே மலமிளக்கியும் தரவேண்டும் என்று விடாமல் சொன்னீர்கள். அது இல்லாமல் மலம் இறுகினால், "மாத்திரை ஒத்துக்கலை" என்று வீட்டார் நிறுத்திவிடுவார்கள், வலி திரும்பிவிடும். படுக்கையோடு இருப்பவர்களை, 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்களோடு சேர்த்துவிட்டவர்களும் நீங்கள்தான்.

இறந்த பிறகும் வந்தீர்கள். 21 நாளுக்குள் இறப்பைப் பதியவைத்தீர்கள், விதவை உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்தீர்கள், மீந்த மார்பின் மாத்திரைகளை எண்ணி எடுத்துப்போய் ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தீர்கள்.

நன்றியுடன்,
நோயாளிகளின் குடும்பத்தார்