வாரச் சிந்தனை எழுதும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

ஸ்தோத்திரம். நீ அனுப்பிய வாரச் சிந்தனைகள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். சபைப் பொறுப்பை ஏற்ற கையோடு வாரம் தவறாமல் ஒரு பக்கம் எழுதுவது லேசான வேலை இல்லை. ஞாயிறு ஆராதனை, வாரநாளில் ஜெபக்கூட்டம், வீடு சந்திப்பு, கமிட்டி, திடீரென்று ஒரு அடக்க ஆராதனை என்று எல்லாம் முடிந்த பிறகுதான் பேனாவைத் தொடுகிறாய் என்று தெரிகிறது. சில பக்கங்களில் தூக்கக் கலக்கம்கூடத் தெரிகிறது. அதில் தப்பில்லை.

வாரச் சிந்தனையில் எதைத்தான் எழுதுவது என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியோடு வேறு சில இளம் போதகர்களும் எழுதியிருப்பதால் பதிலைப் பொதுவில் போடலாமா என்று உன்னிடம் கேட்டேன். உடனே சரி என்றாய். அந்தச் 'சரி'யைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் பேசவேண்டியிருக்கிறது.

உன் நடை நன்றாக இருக்கிறது, வசனத்தை நிதானமாகப் பிரிக்கிறாய், நகைச்சுவையும் வருகிறது. அதையெல்லாம் நீயே மெருகேற்றிக்கொள்வாய். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. உன் சிந்தனைகளில் பாதிக்கு மேல் "நம் சபையில் ஒரு சகோதரி", "எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம்", "சமீபத்தில் மருத்துவமனையில் சந்தித்த ஒரு தகப்பனார்" என்று தொடங்குகின்றன. பெயர் போடவில்லை என்பது உனக்குச் சமாதானம். ஆனால் சபை என்பது எவ்வளவு சின்ன இடம்! எந்தச் சகோதரி, எந்த மாதம், எந்த ஆஸ்பத்திரி என்று படித்த மாத்திரத்தில் பத்துப் பேருக்குத் தெரிந்துவிடும். தெரியாத பதினோராவது ஆள் ஆராதனை முடிந்ததும் கேட்டுத் தெரிந்துகொள்வார். என்னை அதிகம் உறுத்திய ஒரு பத்தியில் இருந்தவர் யார், அவருக்கு என்ன பிரச்சினை என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. உனக்கே புரியும்.

ஆட்கள் நம்மிடம் எப்படி மனம் திறக்கிறார்கள் என்று யோசித்துப் பார். வீடு சந்திப்புக்குப் போகிறாய். நலம் விசாரிப்பு, வேதவாசிப்பு, ஜெபம் எல்லாம் முடிகிறது. வீட்டார் நல்லதையே சொல்லியிருப்பார்கள். நீ கிளம்பும்போது வாசல்வரை ஒருவர் மட்டும் கூடவே வருவார். கதவைப் பாதி சாத்திக்கொண்டு, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், "ஐயா, ஒரு விஷயம்" என்பார். அதுவரை நடந்த முக்கால் மணி நேரமும் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னுரைதான். அதை அவர் உன் எழுத்துத் திறமைக்காகச் சொல்லவில்லை. சுமக்க முடியாமல் சொல்கிறார், நீ போதகர் என்பதால் சொல்கிறார். அது வெள்ளிக்கிழமை உன் பக்கத்தில் அழகான உதாரணமாக வந்து நின்றால், அடுத்த சந்திப்பில் அவர் வாசல்வரை வரமாட்டார். மற்றவர்களும் வரமாட்டார்கள். ஏன் என்று யாரும் உனக்குச் சொல்லவும் மாட்டார்கள்.

இந்த எச்சரிக்கை பழசு. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற கத்தோலிக்கத் திருச்சபைப் பேரவை, பாவஅறிக்கையில் (விசுவாசி தன் பாவங்களைக் குருவிடம் தனியே சொல்வது) கேட்டதை வெளியிடும் குருவைப் பதவியிலிருந்து நீக்கி, ஆயுள் முழுவதும் மனஸ்தாபப்படும்படி கண்டிப்பான மடம் ஒன்றில் அடைக்கவேண்டும் என்று விதித்தது. நம்முடைய சபைகளில் அப்படிப்பட்ட பாவஅறிக்கை முறை பெரும்பாலும் இல்லை. அதனால் நமக்குக் கட்டுப்பாடும் இல்லை என்று எடுத்துக்கொண்டோமோ என்று எனக்குச் சந்தேகம். நீதிமொழிகள் 11:13 நமக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது: "ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்."

நீ திருப்பிக் கேட்பாய்: "அண்ணே, இயேசுவே கூட்டத்தின் நடுவில் பெரும்பாடுள்ள ஸ்திரீயை வெளியே வரவைத்தாரே?" நல்ல கேள்வி. மாற்கு 5-ஆம் அதிகாரத்தை முழுக்கப் படித்துப் பார். ஒரே அதிகாரத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி பன்னிரண்டு வருஷமாகப் பெரும்பாடு என்ற இரத்தப்போக்கு வியாதியோடு இருந்து, யாருக்கும் தெரியாமல் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டுக் குணமானவள், இன்னொருத்தி பன்னிரண்டு வயதுச் சிறுமி, யவீருவின் மகள். அந்த ஸ்திரீயைப் பற்றி இயேசு கூட்டத்துக்கு எதையும் விளக்கவில்லை. யார் தொட்டது என்று மட்டும் கேட்கிறார், சுற்றிலும் பார்க்கிறார். பயந்து நடுங்கி வந்து உண்மையையெல்லாம் சொல்வது அவள்தான். லேவியராகமம் 15-இன்படி அவள் தீட்டுப்பட்டவளாக ஒதுங்கி வாழவேண்டியிருந்தது. ரகசியமாகக் குணமாகி ரகசியமாகவே போயிருந்தால், சுகமானதை யார் நம்பியிருப்பார்கள்? எல்லார் காதிலும் விழ "மகளே" என்று கூப்பிட்டு, சமாதானத்தோடே போகச் சொன்னபோது அவளுக்கு ஊரில் இடம் திரும்பக் கிடைத்தது. அந்த வெளிப்படையால் லாபம் அவளுக்கு.

அப்புறம் யவீருவின் வீடு. அழுது புலம்பிக்கொண்டிருந்த எல்லாரையும் வெளியே அனுப்புகிறார். தகப்பன், தாய், கூட வந்த மூன்று சீஷர்கள், அவ்வளவுதான். இறந்துகிடந்த பிள்ளை எழுந்து நடக்கிறது. பிரசங்கத்துக்கு இதைவிடப் பெரிய விஷயம் கிடைக்குமா? ஒருவருக்கும் தெரியவேண்டாம் என்று உறுதியாகக் கட்டளையிட்டுவிட்டு, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார். இரண்டு அதிகாரம் தள்ளி 7:33-இல், காது கேளாத மனுஷனை ஜனக்கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போகிறார். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் நடுவே அவன் காதில் விரல் வைக்க அவருக்கு மனமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே, சொல்ல விரும்புகிறவர்களுக்குச் சாட்சி நேரம் இருக்கிறது. அவர்கள் வாயால் சொல்லட்டும். எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வதும் அவர்களே. நீ எழுதினால் அந்த முடிவு உன் கைக்கு வந்துவிடுகிறது.

"அனுமதி வாங்கிக்கொண்டு எழுதினால்?" சரி, இப்போது அந்தச் 'சரி'க்கு வருவோம். நான் கேட்டபோது நீ மறுத்திருப்பாயா? வாலிபர் கூட்டத்தில் இருந்த காலத்திலிருந்து என்னைத் தெரியும், அண்ணன் கேட்டுவிட்டார், என்ன சொல்வாய்? அதனால்தான் உன் பெயர், ஊர், சபை எதுவும் இல்லாமல் எழுதி, வெளியிடும் முன் உனக்கு அனுப்பி, பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமல் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும் என்றேன். உன் சபையார் உன்னிடம் சொல்லும் 'சரி' இதைவிடப் பலவீனமானது. திருமணத்தை நடத்துவது நீ, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது நீ, நாளைக்கு அடக்கம் செய்யப்போவதும் நீ. ஐயா கேட்டால் மறுப்பார்களா? அவசியம் எழுதத்தான் வேண்டும் என்றால், காயம் ஆறும்வரை பொறு. எழுதியதை அப்படியே காட்டு. இன்னொன்று: குடும்பத்தில் ஒருவர் சரி சொன்னால் போதாது. கணவனுடைய குடிப்பழக்கத்தைப் பற்றி மனைவி அனுமதி கொடுக்கலாம். ஆனால் அது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் கதையும்தான்.

பிள்ளைகள் என்றதும் நினைவு வருகிறது. போதகர் வீட்டுப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் செய்தி கொடுத்த போதகர் தன் மகன் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார், பந்தல் முழுக்கச் சிரிப்பு. நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் அந்தப் பையன் தெரிந்தான். குனிந்த தலை. வேதாகம உறையின் ஜிப்பைத் திறந்தான், மூடினான், திரும்பத் திறந்தான். செய்தி மன்னிப்பைப் பற்றியது. உனக்கு இன்னும் குழந்தை இல்லை, இப்போதே தீர்மானம் பண்ணிக்கொள்வது சுலபம்.

வாட்ஸ்அப் ஜெபக் குழுவையும் இதோடு சேர்த்துக்கொள். "ஒரு குடும்பத்தில் பெரிய பிரச்சினை, விவரம் சொல்ல முடியாது, ஜெபியுங்கள்" என்று ஒரு செய்தி வந்தால் ஜெபம் எத்தனை பேர் பண்ணுகிறார்களோ தெரியாது, விசாரணை மட்டும் சுறுசுறுப்பாக நடக்கிறது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதே. ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது, அல்லது ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், அதை அடக்கி வைப்பது உண்மையுள்ள ஆவி ஆகாது. உரிய அதிகாரிகளிடம் போகவேண்டும், அன்றைக்கே. "சபையின் பெயர் கெட்டுவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதே. பீடத்தில் பேசக்கூடாதது வேறு, காவல் நிலையத்தில் சொல்லவேண்டியது வேறு.

இதற்கு நேர் எதிரான இன்னொரு பழக்கமும் உண்டு. ஒருவரிடம் நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் பிரசங்கத்தில் குத்திப் பேசுவது. இப்போது வாரச் சிந்தனையிலும் அது நடக்கிறது. நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவின் பாவத்தைக் கதையாகத்தான் சொன்னார், ஆனால் தாவீதின் முகத்துக்கு நேரே சொன்னார். பவுல் பிலிப்பி சபைக் கடிதத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இருவர் பெயரையும் போட்டு ஒருமனப்படச் சொல்கிறார், அது கொஞ்சம் கடுமைதான். ஆனாலும் சண்டை எதைப் பற்றி என்று ஒரு சொல்கூட இல்லை. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷமாக விளக்கவுரை எழுதுகிறவர்கள் ஊகித்துக்கொண்டே இருக்கிறார்கள், விடை கிடைக்கவில்லை. அவர்கள் சுவிசேஷ விஷயத்தில் தன்னோடு கூடப் பிரயாசப்பட்டவர்கள் என்பதை மட்டும் அடுத்த வசனத்தில் மறக்காமல் சொல்லிவிடுகிறார்.

ஜெர்மானியப் போதகரும் இறையியலாளருமான டீட்ரிக் பான்ஹோஃபர் 1935-இல் ஜெர்மனியில் ஃபிங்கன்வால்ட என்ற இடத்தில் போதகர் பயிற்சிப் பள்ளி நடத்தியபோது மாணவர்களுக்கு ஒரு விதி வைத்தார்: அந்த இடத்தில் இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக்கூடாது, பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லவேண்டும். 1937-இல் ஹிட்லரின் ரகசியப் போலீசான கெஸ்டாப்போ அந்தப் பள்ளியை மூடியது. அதன் பிறகும், சிதறிப்போன மாணவர்களுக்கு அவர் சுற்றுக் கடிதங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார். எழுதுவது நின்றுபோகவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஆட்களைப் பற்றிப் பேசாமல் ஆட்களுக்கு எழுத முடியும்.

அப்படியானால் எதைத்தான் எழுதுவது என்று கேட்கிறாய். உன்னுடையதை எழுது. இந்த வாரம் உன்னை மல்லுக்கட்ட வைத்த வசனம் எது? எந்தக் கட்டளை உனக்கே கசக்கிறது? பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், நல்ல போராட்டத்தைப் போராடினேன் என்று முழங்கிய ஆறு வசனம் தாண்டி, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார். மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்கிறார். சிறையில் குளிர். அங்கே அவர் எதிர்பார்க்கும் நீதியின் கிரீடமும் இந்த மேலங்கியும் ஒரே கடிதத்தில் இருக்கலாம் என்றால் உன் பக்கத்திலும் இருக்கலாம். விசுவாசிகளுக்குப் போதகரின் முழங்கால் வலி தெரிந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. முழங்கால் வலியை ஆவிக்குரிய பாடமாக்க மட்டும் அவசரப்படாதே.

எழுத வராத வாரங்களும் வரும். இங்கிலாந்தின் புகழ்பெற்ற பிரசங்கியார் சார்ல்ஸ் ஸ்பர்ஜனின் பிரசங்கங்கள் 1855 முதல் வாரந்தோறும் அச்சாகி, 1892-இல் அவர் இறந்த பிறகும் 1917 வரை வெளிவந்தன. அதைக் கேட்டால் அவருக்கு ஊற்று வற்றியதே இல்லை என்று தோன்றும். ஆனால் 1856 அக்டோபரில், லண்டனில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்த மண்டபத்தில் யாரோ "தீ" என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் ஏழு பேர் இறந்தார்கள். அவருக்கு அப்போது 22 வயது. வேதாகமத்தைப் பார்த்தாலே கண்ணீர் வரும் அளவுக்கு நொறுங்கிப் போனார். மனச்சோர்வு பிற்காலத்திலும் அவரை விடவில்லை. அதைத் தன்னிடம் படித்த மாணவர்களிடம் மறைக்காமல் பேசினார். போதகருக்கு மனச்சோர்வு வருவது விசுவாசக் குறைவு என்று உன்னிடம் யாராவது சொன்னால், இவரைக் காட்டு. அப்புறம் மருத்துவரையும் பார்.

சூரைச்செடியின்கீழ் படுத்து, சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான், எழுப்பிச் சாப்பிட வைத்தான், திரும்பத் தூங்கவிட்டான். வாரத்தில் ஒரு நாள் போனை அணைத்துவிட்டு ஓய்வெடு என்று கமிட்டி உனக்குச் சொல்லாது. நீதான் கமிட்டிக்குச் சொல்லவேண்டும்.

அப்படியும் வெள்ளிக்கிழமை இரவு பக்கம் காலியாகவே இருந்தால், அடுத்தவர் வீட்டுக் கதையைத் தேடிப் போகாதே. 88-ஆம் சங்கீதத்தைப் பதினெட்டு வசனமும் அப்படியே போட்டுவிடு. கடைசி வார்த்தைவரை இருட்டாகவே முடியும் சங்கீதம் அது. கீழே ஆறுதல் வரி எதையும் சேர்க்காதே. படித்துவிட்டு யாராவது கூப்பிட்டு "ஐயா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால், உள்ளதைச் சொல்.

கிறிஸ்துவின் பணியில்,
அண்ணன்