கன்சோலுக்கு எழுதினாலும் ப்ராஜெக்ட்தான்: கணினித் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் மாவட்டத்துப் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளில் கணினித் துறையை நடத்தும் பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் கீழக்கரையில் செல்போனும் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களும் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்ட் தலைப்புகளுக்கு நீங்கள் ஒப்புதல் தரும் நேரம் நெருங்குகிறது. அதற்கு முன் ஒரு கோரிக்கை வைக்கவேண்டும். கேம் பாய், நிண்டெண்டோ டிஎஸ், பிஎஸ்பி போன்ற கையடக்க விளையாட்டுக் கருவிகளில் (கன்சோல்களில்) ஓடக்கூடிய, ஆனால் விளையாட்டு அல்லாத மென்பொருளை எழுத ஒரு மாணவர் முன்வந்தால், அதை ப்ராஜெக்டாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. போன வருடம் தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளை ஒன்று என் கடைக்கு வந்தது. அம்மா பாக் விரிகுடாவில் மூங்கில் மிதவை கட்டிக் கடல்பாசி வளர்க்கும் மகளிர் குழுவில் இருக்கிறார். பாசியைக் கட்டிவிட்ட 45-ஆம் நாள் வாக்கில் அறுவடை. எந்த மிதவை எந்தத் தேதியில் கட்டியது, எதில் எத்தனை கிலோ கிடைத்தது என்பதெல்லாம் ஒரு நோட்டில் இருக்கும். நோட்டு நனையும், எழுத்து கரையும். வீட்டில் உள்ள ஒரே செல்போன் அப்பாவோடு நாட்டுப்படகில் போய்விடும். அலமாரியில் சும்மா கிடந்த கேம் பாய் அட்வான்ஸ் ஒன்றுக்கு இந்தக் கணக்கை எழுதிவிடலாம் என்று அந்தப் பிள்ளை நினைத்தது.

யோசித்துத்தான் நினைத்திருக்கிறது. அந்தக் கருவிக்குள் கடிகாரம் இல்லை. ஆகவே தினமும் காலையில் ஒரு பட்டனை அழுத்தினால் நாள் ஒன்று கூடும்படி அமைத்தது. ஒரு மிதவையின் எண், நாள், எடை மூன்றையும் 8 பைட்டுக்குள் அடக்கியது. கருவியில் செருகும் கார்ட்ரிட்ஜில் உள்ள 32 கிலோபைட் சேமிப்பில் அப்படி 4,096 பதிவுகள் வைக்கலாம். ஈரக்கை பட்டால் தொடுதிரை கேட்காது, பட்டன் கேட்கும். கருவியை பாலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டிவிட்டு மேலேயிருந்தே அழுத்தலாம். 2001-இல் வந்த அந்த முதல் மாடலின் திரைக்குப் பின்விளக்கு கிடையாது. விழும் வெளிச்சத்தைத் திருப்பித்தான் காட்டும். அதனால் உச்சி வெயிலில், செல்போன் திரை மங்கிப்போகும் கரையில், அதன் எழுத்து நன்றாகத் தெரியும். இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் 15 மணி நேரம் வரை ஓடும்.

முதல் ரிவ்யூவிலேயே தலைப்பு நிராகரிக்கப்பட்டது. “பொம்மைக்கு எழுதுவதெல்லாம் ப்ராஜெக்ட் ஆகாது, ஒரு வெப்சைட் பண்ணிக் கொண்டு வா” என்றார்களாம். எந்தக் கல்லூரி என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பிள்ளை ஓட்டல் அறை முன்பதிவுக்கு ஒரு வெப்சைட் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டது. பாசிக் கணக்கு பாதியில் நிற்கிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பொம்மை என்று ஒதுக்கியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். 1998-இல் ஜப்பானில் பண்டாய் நிறுவனம் கேம் பாயில் செருகுகிற ‘பாக்கெட் சோனார்’ என்ற கருவியை விற்றது. ஒலியலையைத் தண்ணீருக்குள் அனுப்பி, 20 மீட்டர் ஆழம் வரை மீன் இருக்கிறதா என்று அந்தச் சின்னத் திரையில் காட்டும். நம் பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீட்டரைத் தாண்டாது. இங்கே யாரும் கேள்விப்படாத அந்தச் சாதனம் நம் கடலின் ஆழத்துக்குச் சரியாக இருந்திருக்கும்! அதற்குப் பிறகு சிங்கர் நிறுவனம் ‘ஐஸெக்’ என்ற தையல் இயந்திரத்தைக் கேம் பாயோடு இணைத்து விற்றது. தையல் வகையைக் கேம் பாயில் தேர்ந்தெடுத்தால் இயந்திரம் அதன்படி தைக்கும். சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்காக பேயர் நிறுவனம் டிஎஸ்-இல் செருகும் ‘டிட்ஜெட்’ என்ற இரத்தச் சர்க்கரை மீட்டரைக் கொண்டு வந்தது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் 2012 முதல் பார்வையாளர் கையில் நிண்டெண்டோ 3டிஎஸ்-ஐக் கொடுத்து, அதிலேயே விளக்கக் குரலையும் வழிகாட்டும் வரைபடத்தையும் ஓட்டியது. இத்தனையும் பொறியாளர்கள் சம்பளம் வாங்கிச் செய்த வேலை.

கற்பிக்கும் உங்களுக்கு முக்கியமாகப் படவேண்டியது இன்னொன்று. இந்தக் கருவிகளில் தமிழ் கிடையாது. தமிழை அதற்குள் கொண்டுவர மாணவர் என்னென்ன செய்யவேண்டியிருக்கும் என்று பாருங்கள். பழைய கேம் பாய் திரை 160-க்கு 144 புள்ளிகள். அதில் படம் எல்லாமே 8-க்கு 8 புள்ளி கொண்ட கட்டங்களால் ஆனது. திரை நினைவகத்தில் ஒரே நேரத்தில் 384 கட்டங்கள்தான் வைக்கலாம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு கட்டம் போதும். தமிழ் எழுத்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய 16-க்கு 16 வேண்டும், அதாவது நான்கு கட்டம். 247 எழுத்துக்கு 988 கட்டம். இடமே இல்லை. ஆகவே இப்போது திரையில் இருக்கும் வாக்கியத்துக்கு எந்தெந்த எழுத்து வேண்டுமோ அதை மட்டும் ஏற்றி, மற்றதை இறக்கி, மறுபடி ஏற்றவேண்டும். ஒரு வரிக்குப் பத்து எழுத்து. ‘ணை’, ‘கௌ’ போன்ற அகலமான எழுத்து வந்தால் அதுவும் குறையும். ‘கொண்டல்’ என்று எழுத நினைத்தால் யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி பின்னால். திரையிலோ கொம்பு முன்னால் வரவேண்டும், கால் பின்னால் வரவேண்டும். செல்போனில் இதை யாரோ எழுதிவைத்த நிரல் தொகுப்பு (லைப்ரரி) பார்த்துக்கொள்கிறது, நம் மாணவர் அதை ஒரு நாளும் திறந்து பார்ப்பதில்லை. இங்கே அவரே எழுதவேண்டும்.

இதை ஒருமுறை செய்து முடித்தவருக்கு நினைவகம், குறியாக்கம், எழுத்துரு மூன்றும் கையில் வந்துவிடும். பாடத்திட்டத்தில் ‘எம்பெடெட் சிஸ்டம்ஸ்’ என்று நீங்கள் நடத்துவது இதைத்தானே? நிண்டெண்டோ டிஎஸ்-இல் இரண்டு ஏஆர்எம் செயலிகள், ஒன்று 67 மெகாஹெர்ட்ஸ், மற்றது 33. முதன்மை நினைவகம் 4 மெகாபைட். அதற்குள் இரண்டு திரையும் ஒரு தொடுபரப்பும். பிஎஸ்பியின் முதல் மாடல் என்றால் 32 மெகாபைட், 480-க்கு 272 திரை. எல்லை தெரிந்த களம், இன்னும் பத்து வருடம் கழித்தும் மாறாது. ஆண்ட்ராய்டில் இன்று எழுதிய செயலியை நாலு வருடம் கழித்துப் புது போனில் போட்டால் ஓடுமா என்று என் கடைக்கு வருபவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

‘செல்போன்தான் எல்லோரிடமும் இருக்கிறதே’ என்பீர்கள். உண்மை. புயல் எச்சரிக்கையும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் தரும் மீன்வளப் பகுதித் தகவலும், கடலில் உயிர் காக்கும் செய்தியும் செல்போனிலும் விஎச்எஃப் வயர்லெஸ்ஸிலும்தான் வரவேண்டும். அந்த வேலையைப் பழைய கன்சோலிடம் கொடுக்கச் சொல்லும் ஆள் நான் இல்லை. கரையிலும் வீட்டிலும் இணையம் இல்லாமல் நடக்கும் சின்ன வேலைகளைத்தான் சொல்கிறேன். பாசிக் கணக்கு ஒன்று. மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசி வகைகளைத் தீவுப் பக்கம் எடுக்கும் பெண்கள் வியாபாரியிடம் போட்ட எடையைத் தங்கள் கையிலும் பதிந்து வைப்பது இன்னொன்று. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் 1 முதல் 11 வரையான புயல் கூண்டுகள் ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் படத்தோடு சொல்லும் நிரல். பேச்சு வராத குழந்தை டிஎஸ்-இன் கீழ்த்திரையில் படத்தைத் தொட்டால் மேல்திரையில் தமிழ்ச்சொல் தெரிந்து, குரலும் கேட்கும் பலகை. கடைசியாகச் சொன்னதை யாராவது செய்துவிட்டால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி கிடையாது.

திருட்டு விளையாட்டு பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. நகல் எடுத்த விளையாட்டை டிஎஸ்-இல் ஓட்ட உதவும் ஆர்4 அட்டைகளுக்கு எதிராக ஜப்பானில் 2009-இலும் பிரிட்டனில் 2010-இலும் நிண்டெண்டோ தீர்ப்பு வாங்கியிருக்கிறது. அப்படி எதையும் கல்லூரி வாங்கவேண்டாம். கேம் பாய்க்கு ‘ஜிபிடிகே’ என்ற சி மொழிக் கருவித்தொகுப்பு, டிஎஸ்-க்கும் அட்வான்ஸுக்கும் ‘டெவ்கிட்ப்ரோ’, இரண்டும் இலவசம். எழுதியதை அந்தக் கருவிகளைப் போலவே கணினியில் இயங்கிக் காட்டும் ‘எம்ஜிபிஏ’, ‘மெலன்டிஎஸ்’ போன்ற எமுலேட்டரில் லேப் கணினியிலேயே ஓட்டிக் காட்டலாம். பிறர் எழுதிய விளையாட்டு ஒன்றும் அதற்குள் வராது. கருவியாகவே கையில் வேண்டுமென்றால் ‘ஆர்டுபாய்’ என்ற சின்ன விளையாட்டுக் கருவி இருக்கிறது. சர்க்யூட் வரைபடம் முதற்கொண்டு எல்லாம் திறந்தது, ஆர்டுயினோ என்ற மின்னணுப் பலகை தெரிந்த மாணவர் உங்கள் லேபிலேயே ஒன்றைக் கட்டிவிடலாம். அதில் நிரலுக்கு 32 கிலோபைட், நினைவகம் 2.5 கிலோபைட், அவ்வளவுதான். அதற்குள் பாசிக் கணக்கை அடக்கிக் காட்டும் மாணவருக்கு வைவாவில் நீங்கள் கேட்கிற கேள்விக்கு இணையத்தில் நகல் எடுக்கப் பதில் கிடைக்காது.

செலவைப் பற்றியும் கவலை வேண்டாம். கீழக்கரையிலும் தொண்டியிலும் சபுராளி (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்) வீடுகளில் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பிஎஸ்பி, டிஎஸ் கருவிகள் பிள்ளைகள் வளர்ந்தபின் தூங்குகின்றன. கீல் உடைந்தது, பேட்டரி உப்பியது, பட்டன் வேலை செய்யாதது என்று என் கடைக்கு வருகிறவற்றில் பலவற்றை உரிமையாளர்களே “வைத்துக்கொள்ளுங்கள் பாய்” என்று விட்டுப் போய்விடுகிறார்கள். சரிசெய்து வைத்திருக்கிறேன். கேட்கும் மாணவருக்கு இரவல் தருவேன், ப்ராஜெக்ட் முடிந்தபின் திருப்பித் தந்தால் போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடை மேசை காலியாக இருக்கும். எழுத்துரு ஏற்றுவதில் சிக்கிக்கொண்டவர்கள் வரலாம், எனக்குத் தெரிந்த வரை உட்கார்ந்து சொல்லித்தருகிறேன்.

உங்களிடம் கேட்பது இவ்வளவே. தலைப்புப் பட்டியல் கேட்கும் சுற்றறிக்கையில், கையடக்க விளையாட்டுக் கருவிகளுக்கான பயன்பாட்டு மென்பொருளும் ஏற்கப்படும் என்று ஒரு வரி சேருங்கள். மதிப்பெண் போடும்போது, நினைவகத்தை எப்படிப் பங்கிட்டார், தமிழை எப்படிக் காட்டினார், கரையில் உள்ள ஒருவர் கையில் கொடுத்துப் பார்த்தாரா என்ற மூன்றையும் கேளுங்கள். அந்தத் தங்கச்சிமடத்துப் பிள்ளைக்கு இப்போது படிப்பு முடிந்துவிட்டது. ஆனால் பாதியில் நிற்கும் நிரலை அடுத்த செட் மாணவர் யாராவது எடுத்து முடிப்பதாக இருந்தால் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறது. கோப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சுற்றறிக்கை வந்த மறுநாளே கொண்டு வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
கீழக்கரை பழுதுபார்க்கும் கடைக்காரர்