சட்டை மாற்றுவது வேறு கிருமி

அன்புள்ள ஆசிரியருக்கு,

லத்தீன் அமெரிக்காவில் ஒரு பூச்சி வழியாகப் பரவும் சாகஸ் நோய் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1909-ல் பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் நோயையும் கிருமியையும் அதைச் சுமக்கும் பூச்சியையும் தனியாளாகக் கண்டுபிடித்த கதையை நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நம் எதிர்ப்பு சக்தியை ஏமாற்ற இந்தக் கிருமி அடிக்கடி சட்டை மாற்றிக்கொள்கிறது என்று ஒரு வரி வருகிறது, போதாக்குறைக்கு அதையே தலைப்பாகவும் போட்டுவிட்டீர்கள். அது வேறு கிருமி சார்.

சட்டை மாற்றுவது ஆப்பிரிக்கத் தூக்க நோயைத் தரும் டிரிப்பனோசோமா புரூசி. அதன் உடம்பு முழுக்க ஒரே வகைப் புரதம்தான் போர்த்தியிருக்கும். அதை அடையாளம் கண்டு ஆன்டிபாடிகள் கிளம்பி வருவதற்குள் சில கிருமிகள் வேறு புரதத்துக்கு மாறித் தப்பித்துவிடும். சாகஸ் நோய்க்குக் காரணம் டிரிப்பனோசோமா குரூசி. இரண்டும் பங்காளிகள், பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுதான், குழம்புவது சகஜம். ஆனால் குரூசி பிழைக்கிற வழியே தனி.

சியாலிக் அமிலம் என்கிற சர்க்கரையைச் சொந்தமாகத் தயாரிக்க அதற்குத் தெரியாது. நம் செல்களின் மேலே அது தாராளமாக இருக்கிறது. கிருமியின் சவ்வில் ஒரு கொழுப்பு நங்கூரத்தைப் பிடித்துக்கொண்டு டிரான்ஸ்-சியாலிடேஸ் என்ற நொதி நிற்கும்; அது நம் புரதங்களின் நுனியில் இருக்கும் அந்தச் சர்க்கரையைக் கழற்றி, பக்கத்தில் நிற்கும், கிருமியின் மேலே போர்த்தியிருக்கும் மியூசின் என்ற புரதத்தின் நுனியில் மாட்டிவிடும். சாதாரண சியாலிடேஸ் என்றால் வெட்டி எறிவதோடு சரி. இது கையோடு கொண்டுபோய் மாட்டுகிறது, இந்த ஒரு வேலையைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை போடலாம் நீங்கள். காரணமும் இருக்கிறது: அந்த மியூசின்களில் ஆல்பா-கேலக்டோஸ் என்று இன்னொரு சர்க்கரை உண்டு, அதற்கு எதிரான ஆன்டிபாடிகள் நம் ரத்தத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டே இருப்பவை, விட்டால் கிருமியை உடைத்துவிடும். இரவல் வாங்கிய சியாலிக் அமிலம் அவற்றிடமிருந்து காக்கும் கேடயம்.

அப்புறம் எண்ணிக்கை. 2005-ல் குரூசியின் மரபணுத் தொகுதி வெளியானபோது, செயலிழந்த போலி மரபணுக்களையும் சேர்த்து டிரான்ஸ்-சியாலிடேஸ் குடும்பத்துக்கு மட்டும் 1,400-க்கு மேல், மியூசின்களுக்கு 800-க்கு மேல், அதுவரை யாரும் அறியாத மாஸ்ப் என்ற மேற்பரப்புப் புரதங்களின் புதுக் குடும்பத்துக்கு 1,300-க்கு மேல் மரபணுக்கள் என்று எண்ணினார்கள். டிரான்ஸ்-சியாலிடேஸ் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நொதி வேலையே தெரியாது. அவற்றில் சில நம் செல்லைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய உதவுகின்றன. புரூசி ஒரு நேரத்தில் ஒரு சட்டை என்றால், குரூசி இருக்கிற சட்டைகளில் பலவற்றை ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டு வருகிறது. எதைக் குறிவைப்பது? தடுப்பூசி இன்னும் வராததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். மருந்து என்று இருப்பவை பென்ஸ்நிடசோல், நிஃபுர்டிமாக்ஸ் இரண்டுதான், இரண்டுமே அரை நூற்றாண்டுப் பழசு.

இன்னொன்று, சின்ன விஷயம். பூச்சி கடிப்பதால் நோய் பரவுவதாக எழுதியிருக்கிறீர்கள். கடித்த கையோடு பக்கத்திலேயே அது எச்சம் போடும். கிருமி இருப்பது அந்த எச்சத்தில். அரிக்கிறதே என்று சொறியும்போது அது காயத்துக்குள்ளோ கண்ணுக்குள்ளோ போய்விடுகிறது.

அடுத்த இதழில் ஒரு ஓரமாகத் திருத்தம் போட்டால் போதும். இணையப் பதிப்பில் அந்தத் தலைப்பை மட்டும் உடனே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்