முழுப்பாட்டு எங்கே? ரெக்கார்ட் லேபிள்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய லேபிள்காரங்களே,

வணக்கம். பாட்டை ரெக்கார்ட் பண்ணி வெளியிடுற கம்பெனிக்காரங்க நீங்க. எந்த பேண்ட், எந்த பாட்டுன்னு நான் விளக்க வேண்டியதில்ல, முடிவு எடுத்தவங்களுக்கு நல்லாவே தெரியும். போன வாரம் அந்த சிங்கிள் (ஆல்பத்துல இருந்து தனியா விட்ட ஒத்தைப் பாட்டு) ஸ்ட்ரீமிங் ஆப்ல என் லிஸ்ட்ல திடீர்னு மங்கிப் போய் கிடந்துச்சு, தட்டினா ஓடல. சரின்னு தேடினா அதே கவர் படத்தோட வரிசையா நிக்குது: ஸ்பீட் அப்பாம் (வேகம் கூட்டினது), ஸ்லோடு பிளஸ் ரிவெர்பாம் (வேகம் குறைச்சு எதிரொலி சேர்த்தது), அகூஸ்டிக்காம், யாரோ ஒரு டிஜே போட்ட ரீமிக்ஸாம், அப்புறம் ‘சிங்கிள் எடிட்’னு ஒண்ணு, அதுல ரெண்டாவது கோரஸ் (பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வர்ற பகுதி) முடிஞ்சதும் வர்ற கிட்டார் சோலோவையே காணோம். ரிலீஸ் ஆன அன்னைக்கு எல்லாரும் கேட்டு கிறுகிறுத்துப் போனோமே, அந்த நாலு நிமிஷப் பாட்டு? அது மட்டும் இல்ல.

நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான். முதல்ல ரிலீஸ் பண்ண முழு வெர்ஷனை திரும்பப் போடுங்க, தேடினா முதல்ல வர்ற மாதிரி வைங்க. மத்த வெர்ஷனை எல்லாம் கீழ வரிசை கட்டி நிறுத்துங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல.

“பாட்டு பாட்டுதானே, எந்த வெர்ஷனா இருந்தா என்ன”ன்னு உங்கள்ல யாராவது நினைச்சா, தயவுசெஞ்சு ஒரு கிட்டாரை மடியில வச்சுக்கிட்டு அந்த ஸ்பீட் அப் வெர்ஷனோட சேர்ந்து வாசிச்சுப் பாருங்க. நான் காதால கேட்டு வாசிக்கப் பழகுற ஆளு, நோட்ஸ் எல்லாம் படிக்கத் தெரியாது. பாட்டை அப்படியே வேகமா ஓட்டினா ஸ்ருதியும் கூடவே ஏறும், சுமாரா 6 சதவீதம் வேகம் கூட்டினா ஒரு ஃப்ரெட் (கிட்டார் கழுத்துல இருக்கிற ஒரு கட்டம், அரை ஸ்வரம்) அளவு ஏறிடும். நீங்க 15 சதவீதம் மாதிரி கூட்டிட்டா அது ரெண்டாவது ஃப்ரெட்டும் இல்லாம மூணாவது ஃப்ரெட்டும் இல்லாம நடுவுல எங்கயோ தொங்குது. கேப்போ (எல்லா கம்பியையும் ஒரே ஃப்ரெட்ல அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு சமாளிக்கலாம்னா கேப்போவும் ஃப்ரெட் கணக்குலதானே ஏறும், நடுவுல நிக்காதே. அப்ப ஆறு கம்பியையும் முறுக்கி முறுக்கி அந்தப் பாட்டுக்குன்னே தனியா ட்யூன் பண்ணணும், பண்ணி முடிச்சு சந்தோஷமா வாசிக்க ஆரம்பிச்சா பாடகர் குரல் அணில் கத்துற மாதிரி கீச்சுனு வருது, அந்தக் குரல்ல இருந்த கரகரப்புக்காகத்தான் அந்தப் பாட்டே பிடிச்சுது. அடுத்த பாட்டுக்குப் போகணும்னா ஆறு கம்பியையும் திரும்ப இறக்கணும். சரி இது வேணாம்னு சிங்கிள் எடிட்டுக்குப் போனா, கத்துக்க ஆசைப்பட்ட சோலோவே அதுல இல்ல. கோரஸ் முடிஞ்ச உடனே டிரம்ஸ் ஒரு தட்டு தட்டி கடைசி கோரஸுக்கு குதிச்சிடுது, வெட்டின இடத்துல சிம்பல் சத்தம் பாதியில அறுந்து போறது ஹெட்ஃபோன்ல பச்சையா கேக்குது. வெட்டுறதுதான் வெட்டுறீங்க, கொஞ்சம் ஒழுங்காவாவது வெட்டியிருக்கலாம் சார்.

உங்க கணக்கு எனக்குப் புரியாம இல்ல. ஸ்ட்ரீமிங்ல பொதுவா 30 செகண்ட் கேட்டா ஒரு ப்ளே, பாட்டு சின்னதா இருந்தா அதே நேரத்துல இன்னும் ரெண்டு ப்ளே, வெர்ஷன் நிறைய இருந்தா சார்ட்ல, அதாவது பாட்டு தரவரிசைப் பட்டியல்ல, அதையெல்லாம் சேர்த்து ஒரே பாட்டுக்கு வரவு வச்சுக்கலாம். வியாபாரம், பண்ணுங்க. ஆனா அந்த வரிசையில ஒரிஜினலும் ஒண்ணா இருந்துட்டுப் போறதுல உங்களுக்கு என்ன நஷ்டம்? அதைத்தான் எனக்கு எப்படி யோசிச்சும் புரியல.

எங்களுக்கு இது புதுசும் இல்ல. தொண்ணூறுகள்ல இதுக்கு நேர் எதிரா ஒரு வித்தை காட்டினீங்களே, ஞாபகம் இருக்கா? ரேடியோல ஒரு பாட்டை ஓட்டோ ஓட்டுன்னு ஓட்ட வேண்டியது, கடையில போய் சிங்கிள் கேட்டா இல்ல, வேணும்னா முழு ஆல்பமா வாங்கிக்கோ. நோ டவுட் பேண்டோட ‘டோன்ட் ஸ்பீக்’ அமெரிக்காவுல ரேடியோ சார்ட்ல 16 வாரம் முதல் இடத்துல இருந்துச்சு, ஆனா அந்த நாட்டோட முக்கிய பாட்டு தரவரிசையான பில்போர்ட் ஹாட் 100 பட்டியல்ல ஒரு நாள் கூட ஏறல, ஏன்னா அங்க அதை கடையில விக்கிற சிங்கிளா விடவே இல்ல, அப்போதைய விதிப்படி விக்காத பாட்டுக்கு பட்டியல்ல இடம் கிடையாது. 1998 டிசம்பர்லதான் விதியை மாத்தினாங்க. அதுக்குள்ள கூ கூ டால்ஸோட ‘ஐரிஸ்’ 18 வாரம் ரேடியோல கொடி கட்டிப் பறந்து முடிச்சிருந்துச்சு, ஹாட் 100ல அதுக்குக் கிடைச்சது 9வது இடம். அன்னைக்கு பாட்டை விக்காம ஒளிச்சு வச்சு காசு பார்த்தீங்க, இன்னைக்கு அதே பாட்டை அஞ்சு துண்டாக்கி வித்து காசு பார்க்கிறீங்க. ரெண்டு காலத்துலயும் முழுப்பாட்டை மட்டும் கேட்டவன்தான் இளிச்சவாயன்.

நல்லது பண்ணதும் உண்டு, அதையும் சொல்லிடறேன். ஆ-ஹாவோட ‘டேக் ஆன் மீ’ 1984ல முதல்ல வந்தப்ப பெருசா எடுபடல, லேபிள் கைவிடல, திரும்ப ரெக்கார்ட் பண்ண வச்சு, பென்சில் ஓவியமா நகர்ற அந்த வீடியோவை எடுத்து விட்டாங்க, 1985 அக்டோபர்ல அமெரிக்காவுல முதல் இடம். தி கில்லர்ஸோட ‘மிஸ்டர் பிரைட்சைடு’ 2003ல வந்தப்ப யாரும் சீண்டல, 2004ல திரும்ப விட்டாங்க, பிரிட்டன்ல இன்னிக்கு வரைக்கும் அந்தப் பாட்டு பட்டியலை விட்டு இறங்க மாட்டேங்குது, இத்தனைக்கும் அது அங்க முதல் இடத்துக்கே வந்ததில்ல. ஒரு பாட்டு ஜனங்க காதுல போய் உக்கார நேரம் எடுக்கும்னு அன்னைக்கு யாருக்கோ தெரிஞ்சிருக்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை ரிலீஸ், திங்கக்கிழமை நம்பர் பத்தலன்னா செவ்வாய்க்கிழமை ஸ்பீட் அப்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், மனசுல வச்சுக்கிட்டே இருக்க முடியல. அந்த பேண்ட் பசங்களைப் பார்த்தாலே பாவமா இருக்கு. ஆல்பம் பத்தி ஒரு ஒழுங்கான பேட்டி கிடையாது, டிரம்மர் போனை நீளவாக்குல பிடிச்சுக்கிட்டு உதட்டை அசைச்சு நடிக்கிறார், பேஸ் வாசிக்கிறவர் பின்னாடி குதிக்கிறார், “இந்த ஆடியோவை யூஸ் பண்ணுங்க ப்ளீஸ்”னு கெஞ்சல் வேற. டிக்டாக்ல வைரல் ஆகிற மாதிரி ஏதாவது பண்ணாத்தான் பாட்டையே விடுவோம்னு லேபிள்ல சொல்றாங்கன்னு 2022ல அமெரிக்கப் பாப் பாடகி ஹால்சி வெளிப்படையாவே சொன்னாங்க, அவ்வளவு பெரிய ஆளுக்கே அந்த கதின்னா இவங்க எம்மாத்திரம். பேசாம அடுத்த சிங்கிளை கோரஸோட முதல் பன்னெண்டு செகண்ட் மட்டும் ரிலீஸ் பண்ணிடுங்க. வெர்ஸ் எழுதுற கஷ்டம் மிச்சம், பிரிட்ஜ் யோசிக்கிற நேரம் மிச்சம், சோலோ வாசிக்கிறவருக்கு சம்பளமும் மிச்சம், சார்ட்ல மட்டும் ஜம்முனு நில்லுங்க.

மன்னிச்சுக்கோங்க, கோபத்துல கொஞ்சம் நீட்டிட்டேன். விஷயத்துக்கு வர்றேன்.

உரிமைப் பிரச்சனை ஏதாவது இருந்து தூக்கியிருந்தா, ஒரு வரி அறிவிப்பு போட்டா போதும், நாங்க காத்திருப்போம். அதே பாட்டை பேண்டே புதுசா ரெக்கார்ட் பண்ணி விட்டாலும் சந்தோஷம்தான், டெஃப் லெப்பர்ட் 2012ல லேபிளோட டிஜிட்டல் பணத் தகராறுல பழைய ஹிட்டுகளை அப்படித்தான் திரும்ப ரெக்கார்ட் பண்ணி விட்டாங்க. ஆனா புதுசு எது பழசு எதுன்னு பேர்லயே தெரியணும். சும்மா எண்ணிக்கைக்காக ஒரிஜினலை மறைச்சு வச்சிருந்தா மட்டும், தயவு பண்ணி அதை திரும்ப ஏத்துங்க. முழு நீளத்தோட, சோலோவோட, ரெக்கார்ட் பண்ண அதே வேகத்துல, தேடினா முதல்ல வர்ற மாதிரி. புதுசா ஏத்தும்போது பழைய பதிவோடயே இணைச்சு விட முடிஞ்சா இன்னும் நல்லது, எங்க லிஸ்ட்ல மங்கிக் கிடக்கிறது தானா உயிர் பெற்றுடும், மில்லியன் கணக்குல இருந்த ப்ளே எண்ணிக்கையும் உங்களுக்கு அப்படியே கிடைக்கும்.

முடியும் முடியாதுன்னு ரெண்டுல ஒண்ணாவது சொல்லுங்க. அதுவரைக்கும் என் கிட்டாரை சாதாரண ட்யூனிங்லயே வச்சிருக்கேன், உங்க ஸ்பீட் அப்புக்காக இனிமே ஒரு கம்பியையும் முறுக்கிறதா இல்ல.

இப்படிக்கு,
முழுப்பாட்டு கேட்கும் ரசிகன்