நடந்தபடி கேட்பவருக்கு நின்று விளக்கம் எதற்கு?

ஆசிரியருக்கு,

ஐயா,

வற்றாப்பளைப் பொங்கலுக்காக இலண்டனிலிருந்து வந்திருந்த எமது உறவினரின் மகன், எங்கள் அயலில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருத்தியைப் படலையடியில் கண்டு, "யூ ஓல்ரைட்?" என்று கேட்டபடியே நடந்தான். அந்தப் பிள்ளையோ தன் முகம் வாடியிருக்கிறதாக்கும் என்று எண்ணி, தனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இரவு நித்திரைதான் குறைவு என்று ஆங்கிலச் சொற்களைத் தேடித் தேடி விளக்கி முடிப்பதற்குள் அவன் கிணற்றடிக்கே போய்விட்டான். பிரித்தானியாவில் அது எதிரே வருபவருக்குத் தலையசைப்பது போன்றதொரு முகமன் மட்டுமே, "யா, யூ?" என்று திருப்பிக் கேட்டால் போதும்.

இதில் அவளைக் குறைசொல்ல எதுவுமில்லை. என்னைப் போன்று ஆங்கிலம் கற்பித்தவர்கள்தாம், "ஹவ் ஆர் யூ?" என்றவுடன் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "ஐ ஆம் ஃபைன், தாங் யூ. அண்ட் யூ?" என்று ஒப்புவிக்கப் பழக்கினோம். அது பிழையான ஆங்கிலம் அன்று; ஆனால் எல்லாப் பூட்டுக்கும் அந்த ஒரு திறப்பையே கொடுத்து அனுப்பிவிட்டோம். "வட்ஸ் அப்?" என்பவரிடம் "ஃபைன்" என்றால் பொருந்தாது. அது நம்முடைய "என்ன புதினம்?" என்பதற்கு ஒப்பானது, அதற்கு யாரேனும் "நல்ல சுகம்" என்று சொல்வதுண்டா? "ஒரு புதினமும் இல்லை" என்போம், ஆங்கிலத்திலும் "நொட் மச்" என்பதே வழக்கம். "ஹவ்ஸ் இட் கோயிங்?" என்பதற்கு "குட், தாங்ஸ்" அல்லது "நொட் பேட்" எனலாம். பழைய நூல்களில் வரும் "ஹவ் டு யூ டூ?" என்பதற்கு அதையே திருப்பிச் சொல்வதுதான் மரபு, இன்று அதைக் கேட்பதே அரிது.

உண்மையில் இந்த நுணுக்கம் நமக்குப் புதிதன்று. சந்தைக்குப் போகும் வழியில் "எங்க, தூரப் பயணமோ?" என்பவருக்கு "இதில கிட்டடிக்குத்தான்" என்று சொல்லிச் சைக்கிளை மிதிக்கிறோமே தவிர, வாங்கப்போகும் சாமான்களை எவரும் ஒப்புவிப்பதில்லை. "போட்டு வாறன்" என்றவர் அன்றைக்கே திரும்பி வருவார் என்று காத்திருப்பதுமில்லை. "சீ யூ லேட்டர்" என்பதும் அத்தகையதே. ஆனால் மருத்துவர் "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டால் அது மெய்யான கேள்வி. அங்கே "ஃபைன்" என்று சொல்லிவிட்டு நோவை மறைத்தவர்களையும் நான் அறிவேன்.

கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள பொறியியல் பீடத்துக்கும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவுக்கும் செல்லும் நம் பிள்ளைகள், சிங்களம் பேசும் சக மாணவர்களோடு முதல்நாள் பேசப்போவது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். இலக்கணத்தில் நல்ல புள்ளி பெற்றவர்களே அந்த முதல் வார்த்தையில் தடுமாறி, பிறகு வாயே திறக்காமல் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆகவே ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: நாற்பது நிமிடப் பாடத்தில் முதல் ஐந்து நிமிடத்தை ஒதுக்கி, வகுப்பறை வாசலில் நின்று, உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு விதமாகக் கேளுங்கள், நடையை நிறுத்தாமலே அவர்கள் மறுமொழி சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
ஒட்டுசுட்டான்.